தூக்கிக்கொண்டு ஓடினோம்

என் தங்கையின் கணவன், திருவிழாவுக்கு மாதா கோயில் முகப்பில் கொடி கட்ட ஏறியபோது ஏணி சறுக்கி விழுந்தான். சீமெந்துத் தரையில் முதுகு அடிபட்டது. நினைவு தப்பவில்லை.

“முதுகுதான் நோகுது மச்சான். கால் அசையுது, பார்,” என்று பெருவிரலை ஆட்டிக் காட்டினான். நான் பார்த்தேன்.

அம்புலன்சுக்குப் போன் அடித்தோம். கிட்ட இருந்த வண்டி வேறொரு நோயாளியோடு போய்விட்டதாம், அடுத்தது வருகிறதாம். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. “அது வந்து கிழிச்சுது, தூக்குங்கோடா” என்று கத்தியது நான்தான்.

தூக்குவதற்கு எங்கள் ஊர் வங்காலையில் ஆளுக்கா பஞ்சம்? வள்ளம் தள்ளிப் பழகிய கைகள். விழுந்தவனைத் தொடாமல் நிற்கத்தான் எங்களுக்கு ஒருவரும் பழக்கவில்லை. இரண்டு பேர் தோளைப் பிடிக்க, இரண்டு பேர் காலைப் பிடிக்க, நடு முதுகு தொங்கியது. ஓட்டோவின் பின்சீட் போதவில்லை. மடக்கி ஏற்றினோம். ஒரு தரம் அலறினான்.

பாதி வழியில், “இப்ப இடுப்புக்குக் கீழ நோவே இல்லை மச்சான்” என்றான்.

“மாதா காப்பாத்திட்டா,” என்றேன் நான். உண்மையாகவே சந்தோசப்பட்டேன். அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அப்போது கைபேசி அடித்தது. “கோயிலடியில நிக்கிறம். நோயாளி எங்க?” அம்புலன்ஸ்காரர்.

ஆசுபத்திரியில் டொக்டர் அவனுடைய பாதத்தை ஊசியால் குத்திப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

“விழுந்த உடன கால் அசைஞ்சதா?”

“பாக்கேல்லை டொக்டர்,” என்றேன்.

ஸ்கேன் எடுக்க வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேர அரைநாள் போனது. இனி நடக்கமாட்டான் என்று அங்கேதான் சொன்னார்கள். முள்ளந்தண்டு விழுந்ததில் போனதா, தூக்கியதில் போனதா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு வருடமாகிறது. வருகிறவர்களிடமெல்லாம், “மச்சான் மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாட்டி நான் அண்டைக்கே முடிஞ்சிருப்பன்” என்கிறான். தங்கை கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

போன ஞாயிறு, கட்டிலில் படுத்தபடி மகளுக்குப் புத்தி சொன்னான். “ஆராவது விழுந்தா பாத்துக்கொண்டு நிக்கக்கூடாது பிள்ளை. மாமாவைப்போல உடன தூக்கோணும்.”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் தலையாட்டினேன்.