நாலாவது பக்கம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த மொழிபெயர்ப்புக் கடையில் இரண்டு விதமான ஒபிஸ் மென்பொருள்கள் இருந்தன. மேசைக் கணினியில் எல்லோரும் பாவிக்கிற, காசுக்கு விற்கிற வேர்ட். மடிக்கணினியில் இணையத்திலிருந்து சும்மா இறக்கிய, மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிற ஒன்று. கடை முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். மடிக்கணினிக்கு வேர்ட்டின் கள்ள சீடி போட அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

எனக்கு வேர்ட்தான் பிடிக்கும். வாடிக்கையாளர் அனுப்புவதும் அதில்தான். அதை இலவச மென்பொருளில் திறந்தால் அட்டவணைகள் சரியும், வரிகள் கீழே இறங்கும்.

சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த காலம் அது. ஊருக்குத் திரும்ப வழியில்லை. கொழும்பிலும் வெள்ளவத்தை அறை, பஸ், கடை, திரும்ப அறை. அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் கேள்வி தொடங்கும்.

ஒருநாள் காலை சோதனைச் சாவடியில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். கைப்பையில் பென்டிரைவ் இருந்தது. அதற்குள், கடை வேலையாக அறையில் வைத்துத் திருத்திய டெங்கு நோட்டீஸ். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்த் தங்கள் கணினியில் திறந்தார்கள். அங்கே எங்கள் தமிழ் எழுத்துரு இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கிடந்தன.

"இது என்ன சங்கேதம்?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"தமிழ் சேர். எழுத்துருவைப் போட்டால் வாசிக்கலாம்."

"உங்கட சாமான் ஒன்றும் இந்த மெசினுக்குள்ள போடேலாது."

சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருத்தினார்கள். கடைக்கு ஒரு டெலிபோன் கோல் எடுக்க விட்டார்கள். கம்பி யன்னலுக்கு வெளியே, காலிக்குப் போகும் பெரிய வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. தண்ணீர் கேட்கவும் பயமாக இருந்தது.

நானா மடிக்கணினியோடு வந்து சேர்ந்தார். அதிகாரியின் கண்முன்னே பென்டிரைவைச் செருகினார். தமிழ் வந்தது. எனக்கு மூச்சும் வந்தது. அதிகாரி இரண்டு திரைகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எங்கட மெசினில மூன்று பக்கம். இதில நாலு. அந்த நாலாவது பக்கம் எங்கேயிருந்து வந்தது?"

இரண்டும் வேறு வேறு மென்பொருள்கள் என்றேன். மடிக்கணினியில் உள்ளது வரிகளுக்கு நடுவே கூடுதலாக இடம் விடும், அட்டவணையை அகலமாக்கும், அதனால் கடைசி வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளுப்படும் என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அது பொய் போலவே கேட்டது.

"அப்ப ஏன் எல்லாரும் பாவிக்கிறதை நீங்க பாவிக்கிறதில்லை?"

நானா குறுக்கிட்டார். "சேர், அதுக்குச் சல்லி கட்ட வேணும். இது இலவசம், களவும் இல்ல."

அதிகாரி தொலைபேசியை எடுத்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் வேறொரு நிலையத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அவர் வந்து நின்றபடியே வாசித்தார்: பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், காய்ச்சல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். நாலாவது பக்கத்தில் அட்டவணையின் கடைசி மூன்று வரிகள், ஆஸ்பத்திரிகளின் தொலைபேசி இலக்கங்கள். சிங்களத்தில் எடுத்துச் சொன்னதும் அதிகாரி பென்டிரைவை என்னிடம் நீட்டினார். "போங்க."

நானா திரீவீலரில் வெள்ளவத்தை வரைக்கும் கூட வந்தார். "ஒண்டும் யோசிக்காதீங்க தங்கச்சி, நாளைக்கு லீவு எடுங்க" என்றார்.

பிறகு கடையிலிருந்து வெளியே போகிற எல்லாவற்றையும் இலவச மென்பொருளில் திறந்து, ஒரு பொத்தானை அமுக்கிப் பிடிஎஃப் ஆக்கினோம். எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கும், எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். எங்கள் வேர்ட்டில் அந்த வசதி இருக்கவில்லை. அட்டவணைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி நிமிர்த்தியே நானும் அதற்குப் பழகிவிட்டேன்.

ஆனால் அறைக்கு வேலை கொண்டுபோவதை அன்றோடு நிறுத்தினேன். பின்னேரங்களில் அறையில் செய்ய ஒன்றுமில்லை. இரண்டு ஒழுங்கை தாண்டினால் கடல். வழியில் யாராவது அட்டையைக் கேட்பார்களோ என்று, அந்த வருசம் முழுக்க நான் அங்கே போகவே இல்லை.