கியோட்டோவில் நாலு படுக்கை

கையூம் பாய் தன் வாழ்நாளில் லாட்ஜில் படுத்ததே இல்லை. மற்றவர்களைப் படுக்க விட்டதும் இல்லை. திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த காலத்தில், ஆம்பூரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வந்த வியாபாரி, "பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் போட்டிருக்கேன் பாய்" என்று சொல்லிவிட்டால் போதும், மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். லாட்ஜுக்கே போய், அந்த ஆளின் பையைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மனைவி நர்கீஸ் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். உலையில் இன்னும் கொஞ்சம் அரிசியைப் போடுவார். வீடு இருக்கிற ஊரில் விருந்தாளி வாடகைக் கட்டிலில் படுத்தால் வீட்டுக்காரனுக்கு அவமானம். அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

நர்கீஸ் மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. மண்டியையும் விட்டாயிற்று. ஒரே மகள் ரிஃபாத், ஜப்பானில் கியோட்டோ என்கிற பழைய ஊரில் கணவனோடும் சின்னப் பையன் அயாஸோடும் இருக்கிறாள். பத்து நாள் வந்து போகச் சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டாள். பாய் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். அதற்குப் பிறகுதான் அவள் போனில் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அத்தா, எங்க வீடு ஒரே ரூமு. மூணு பேரு படுத்தாலே திரும்ப எடமில்ல. ஓனரும் வேற ஆளு தங்கக் கூடாதுங்குறாரு. உங்களுக்குன்னு நல்ல எடமா பாத்துருவோம். போட்டோ அனுப்புறேன், புடிச்சதச் சொல்லுங்க."

"அதுக்கென்னம்மா, பாத்துருவோம்" என்றார். போனை வைத்தார். மகளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் வலித்தது. நன்றாகவே வலித்தது.

சாயங்காலம் டீ குடிக்க வந்தார் தாடிக்கொம்பில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பழைய சினேகிதர் மொக்கைச்சாமி. இரண்டு பேரும் போனைப் பார்த்தார்கள். முதல் படம் ஒரு கோயில். அங்கேயே தங்கலாமாம், விடிகாலையில் மணியடித்து எழுப்பி, மரக்கறிச் சாப்பாடு போடுவார்களாம்.

"அங்கன நான் போறேன் பாய். கறியில்லாம நீங்க ஒரு பொழுது தாங்க மாட்டீக."

அடுத்தது வெந்நீர்க் குளத்தோடு ஒரு விடுதி. எல்லோரும் துணியில்லாமல் ஒன்றாக இறங்க வேண்டும் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் பாய் அவசரமாகப் படத்தைத் தள்ளினார். அதற்கடுத்து, சுவரில் வரிசையாக, ஆள் நுழைந்து படுக்கிற அளவுக்குப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு ஆள்.

"கபுருக்குழிக்குள்ள படுக்க எனக்கு இன்னும் அழைப்பு வரலப்பா" என்றார் பாய். மொக்கைச்சாமிக்கு டீ புரையேறியது.

நாலாவது, மகள் வீட்டிலிருந்து தள்ளி, பழைய தெருவில் ஒரு மரவீடு. முழு வீடும் வாடகைக்கு. முகப்பு குறுகல், உள்ளே நீளம், நடுவில் வானம் தெரிகிற சின்ன முற்றம். தரையெல்லாம் கோரைப்பாய். அதன் மேல் ஒரே வரிசையில் நாலு படுக்கை விரித்திருந்தது. பெருநாளுக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் நர்கீஸ் ஹாலில் இப்படித்தான் விரிப்பார். அந்த ஹாலில் இப்போது ஒற்றை மெத்தை கிடக்கிறது.

"இதான்" என்றார் பாய்.

"ஒத்த ஆளுக்கு நாலு படுக்கையா?" என்று மொக்கைச்சாமி கேட்கும்போதே அவர் மகளைப் போனில் கூப்பிட்டுவிட்டார்.

மகளும் அதையேதான் கேட்டாள். "அது குடும்பத்தோட வாரவங்களுக்கு அத்தா. அம்புட்டுப் பெரிய வீட்டுல தனியா என்ன செய்வீங்க?"

பாய் விடவில்லை. "தனியா எதுக்கு இருக்கேன்? வாடகை குடுத்துட்டா அது என் வீடுதான? என் வீடு இருக்குற ஊர்ல நீங்க எதுக்கு வேற எடத்துல படுக்கணும்? நீயும் மாப்பிள்ளையும் புள்ளையும் பையத் தூக்கிட்டு வந்துருங்க. ஆக்கிப் போட நானிருக்கேன்."

அவளும் பாய் வீட்டுச் சட்டத்தில் வளர்ந்தவள்தான். ஆனாலும் சொன்னாள்: "அவருக்கு வெள்ளென வேலைக்குப் போகணும், இவனுக்கு ஸ்கூலு. அங்கேருந்து தூரம் அத்தா. சனிக்கிழமை ஒரு ராத்திரி வாரோம். கண்டிப்பா வாரோம்."

"வாங்கம்மா. ஒரு ராத்திரி போதும். மத்த ராத்திரியெல்லாம் தனியாப் படுக்குறது எனக்குப் பழக்கந்தான்."

போனை வைத்ததும் பீரோவைத் திறந்தார். விருந்தாளிகளுக்கென்று நர்கீஸ் மடித்து வைத்திருந்த விரிப்புகளில் மூன்றை எடுத்துப் பயணப் பெட்டிக்குள் அடியில் வைத்தார். தனக்கு எடுக்கவில்லை. வீட்டுக்காரனுக்கு எதற்கு விருந்தாளி விரிப்பு?