துடைப்பத்தில் தொங்கிய வௌவால்

ஆவடி முத்தாபுதுப்பேட்டையில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். தரையில் விழுந்த வௌவால் எழும்பிப் பறப்பது கஷ்டம், உயரத்தில் தொங்கிப் பிடியை விட்டால்தான் சுலபமாகப் பறக்கும் என்று அன்று பாடம் நடத்தியிருந்தேன். சாயங்காலமே மாணவி செல்வியின் அம்மா வந்து நின்றார்.

"இன்னா டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? ஊட்டுல வௌவா வுந்துகீது. அடிக்கத் தொடப்பம் எடுத்தா, இவ புடுங்கி வெச்சிக்கினு தரமாட்டேன்றா!"

ஓடினேன். செல்வி கட்டில்மேல் ஏறித் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் வௌவால் தலைகீழாகத் தொங்கியது.

"இப்ப வுழும், அப்பறம் பறக்கும்மா" என்றாள்.

அது பிடியை விட்டது. நான் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வௌவால் ஜன்னலைத் தாண்டிப் போயிருந்தது.

"பாத்தீங்களா டீச்சர்?"

தலையாட்டினேன். வருஷா வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியும், அதை நம்பிக் கண்ணைத் திறந்து வைத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை.