நோராவைக் கூப்பிட்ட பாட்டு

காலை ஏழே முக்காலுக்கு சிட்னி சென்ட்ரலில் இருந்து மெல்பேர்ண் ரயில் புறப்பட்டது. சிட்னியின் மேற்குப் புறநகரான மெரிலேண்ட்ஸில் வீட்டை விட்டு இறங்கும்போதே மழை. தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினொரு மணி நேரம். விமானம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

போன காரணம் ஒரு பாட்டு. சனிக்கிழமைகளில் தமிழ் வானொலியில் பழைய பாட்டுகளைப் பற்றிப் பேசுகிறவன் நான். என் மனைவியின் சித்தி மகள் டெல்சி, மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ரொக் அண்ட் ரோல் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எல்லோரையும் ஆட வைத்த ஒரு பாட்டை எழுதியவர் அங்கே இருக்கிறார் என்று சொன்னாள். ‘நோரா’ என்று ஏழு தரம் கூப்பிட்டுத் தொடங்கும் பாட்டு. நானும் அதற்கு ஆடியிருக்கிறேன்.

கோல்பர்ன் தாண்டியும் வானம் வெளிக்கவில்லை. நனைந்த புல்வெளிகளில் செம்மறிகள் அசையாமல் நின்றன. ஐந்தரை டொலர் கோப்பி வாங்கும்போதே ஆறிவிட்டிருந்தது. பக்கத்து இருக்கை வெள்ளைக்காரப் பெண்மணியிடம் பாட்டைப் பற்றிச் சொன்னேன். உடனே விரலால் தாளம் போட்டு, தன் கலியாணத்தில் இதற்குத்தான் முதலில் ஆடினோம் என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இல்லத்துக்குப் போனேன். வாசலில் டெல்சி என்னை நிறுத்தினாள்.

"அத்தான், இஞ்ச அந்தப் பாட்டுப் போட்டால் மனுசன் கதிரையை உருட்டிக்கொண்டு அறைக்குப் போயிடும். பாத்துக் கேளுங்கோ."

பாட்டை எழுதிய பிராங்குக்கு எண்பத்தாறு வயது. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். நான் பாட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டேன். அவர் வேறொன்றையும் சேர்த்துச் சொன்னார்.

பத்தொன்பது வயதில் நண்பர்களோடு ஒரு இசைக்குழு வைத்திருந்தாராம். நோரா அவர்களோடு பாடிய பெண், பதினேழு வயது. ஒரு நடன மண்டபத்தில் வாசித்துவிட்டுத் திரும்பும்போது கார் மரத்தில் மோதியது. நோரா மட்டும் பிழைக்கவில்லை. ஓட்டியவர் பிராங்க். அடக்கத்தின்போது நோராவின் தாய் குழியருகே நின்று மகளின் பெயரைக் கூப்பிட்டார். ஏழு தரம். பிராங்க் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூப்பிடுதலை வைத்து மெதுவான ஒரு பாட்டு எழுதினார். ஒலிப்பதிவுக்கூடத்தில் இருந்தவர், அழுவதற்கு யாரும் இசைத்தட்டு வாங்க மாட்டார்கள், வேகத்தைக் கூட்டு என்றாராம். கூட்டினார்கள். அந்தக் கோடையில் எந்தக் கடைக்குப் போனாலும் அதுதான் பாடியது.

ஒருநாள் அந்தத் தாய் பிராங்கின் வீட்டுக் கதவைத் தட்டினார். "நீ கூப்பிடுவது என் பிள்ளையையா?" என்று கேட்டார்.

"இல்லை என்று சொன்னேன்," என்றார் பிராங்க். "அது சும்மா ஒரு பெயர் என்று சொன்னேன்."

அந்தத் தாய் நன்றி சொல்லிவிட்டுப் போனாராம். அவர் கோபத்தோடு வந்திருப்பதாகத்தான் பிராங்க் நினைத்தார். ‘ஓம், அவளைத்தான்’ என்ற பதிலுக்காகவே வந்திருக்கிறார் என்பது விளங்கப் பல வருடம் எடுத்தது. விளங்கித் தேடிப் போனபோது அவர் உயிரோடு இல்லை.

ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்திவிட்டு, இதை வெளியில் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லச் சொன்னார். காரை ஓட்டியது தான் என்பதையும் விடாமல் சொல்லச் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை டெல்சி என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டாள். மன்னாரில் இருந்து அகதியாகப் படகில் வந்தவள். இன்னும் தற்காலிக விசாதான். போன வருடம் அவளுடைய அம்மா தவறியபோது ஊருக்குப் போக முடியவில்லை. காரை நிறுத்திய பிறகு சொன்னாள்:

"கடைசியா போனில அம்மா கேட்டவ, அங்க சந்தோசமா இருக்கிறியோ எண்டு. ஓம் எண்டு சொன்னனான்."

போயிட்டு வாறன் என்று சொல்லி இறங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை பிராங்க் சொன்னதையெல்லாம் வானொலியில் சொன்னேன். பாட்டைப் போடவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு பேர் அழைத்தார்கள். இருவரும் கேட்டது ஒன்றைத்தான்: பாட்டை ஏன் போடவில்லை?