பத்தியமும் பென்சிலினும்

குழந்தையின் தொடையில் கிளம்பிய கட்டி பென்சிலின் ஊசிக்கு அடங்கவில்லை. மாதுங்கா டிஸ்பென்சரி டாக்டர் மறுபடியும் அதே ஊசியைப் போட்டார். பிறகும் அதையே. ஜுரம் ஏற ஏற, வீட்டில் எல்லோரும் என் தட்டைப் பார்த்தார்கள். பால் கொடுக்கிறவள் வாயைக் கட்டினால்தான் பிள்ளைக்கு உடம்பு தேறும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"மாங்கா ஊறுகா தொட்டுண்டியோ?" என்றாள் என் கணவரின் அக்கா.

"இல்லேக்கா."

"பின்னே ஊசி ஏன் கேக்கலே? காலேஜ் படிச்சவ வாயைக் கட்டுவாளா!"

கட்டினேன். மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான். பால் வற்றியது. பசியில் அவன் கத்தக் கத்த, எனக்கே என் மேல் சந்தேகம். போன வாரத்துக் கத்தரிக்காயாக இருக்குமோ? புளியோ? இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

காலை அசைக்கவே அவனால் முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சீழ் எலும்பில் இறங்கினால் காலே போய்விடும் என்றார்கள். திருநெல்வேலிப் பக்கத்து லேடி டாக்டர் ஒருவர் சீழை எடுத்து, அதிலிருந்த கிருமியை ஒரு கண்ணாடித் தட்டில் வளர்க்க வைத்தார். பிறகு அந்தக் கண்ணாடித் தட்டை என்னிடமே காட்டினார்.

"இது பென்சிலின்ல ஊறவச்ச வில்லை. பக்கத்துலயே கிருமி எப்படி மொய்ச்சுக் கெடக்கு பாருங்க. இந்தக் கிருமி ஒரு என்சைமை உண்டாக்கி மருந்தையே வெட்டிப் போட்டுருது. சளிக்கும் இருமலுக்கும் பென்சிலினைக் குத்திக் குத்தி, தப்பிச்ச கிருமிதான் இப்போ ஊரெல்லாம். அந்த என்சைமால வெட்ட முடியாத புது மருந்து வந்திருக்கு, போடுவோம்."

"டாக்டர், நான் சாப்பிட்ட ஊறுகாய் ஏதாவது…"

"கிருமி உங்க ஊறுகாயையா தின்னுச்சு? நல்லா சாப்பிடுங்கம்மா. பிள்ளைக்குப் பால் வேண்டாமா?"

எச்சிலில் உள்ள என்சைம், அதாவது நொதி, சோற்றைக் கரைப்பதைக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். கிருமிக்கும் நொதி உண்டென்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த டிஸ்பென்சரி டாக்டருக்குமா தெரியாது?

புது மருந்துக்கு வீக்கம் வடிந்தது. காலை உதைத்தான். வீட்டுக்கு வந்து நானும் அக்காவும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"பாத்தியா, பத்தியம் இருந்தே. கேட்டுடுத்து."

கூடத்தில் கணவர் முகத்துக்கு நேரே பிடித்த பேப்பரைத் தாழ்த்தவே இல்லை. நான் எழுந்து ஜாடியை எடுத்து வந்தேன்.

"என்னடீ இது?"

"மாங்கா ஊறுகா, அக்கா. கிருமிக்கு இது வேண்டாமாம்."

கண்ணில் நீர் வரும்வரை தின்றேன். எழுந்ததும் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு போய், அவன் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.