பெருமாளுக்கு உடம்பு சரியில்லை

என் மனைவி ராணி காசநோய் மாத்திரைகளை விழுங்காமல் ரோஜாத் தொட்டியில் புதைத்து வந்தாள். போன ஐப்பசியில்தான் எனக்கு அது தெரிந்தது. அடைமழையில் தொட்டி மண் கரைந்து, மாத்திரைகள் சிவப்புச் சிவப்பாக மேலே மிதந்தன. தொட்டியை நகர்த்தப் போன நான் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாமியை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. எனக்கு மேடைப் பேச்சு வராது. விராலிமலைப் பக்கம் மதுரை ரோட்டோரத்தில் டிபன் கடை போட்டிருக்கிறேன். வருகிறவர்களிடம் வாயைக் கொடுத்து எதையாவது விசாரித்துக்கொண்டே இருப்பது என் குணம். "இட்லிக்கு ரெண்டு சட்னி, நாலு கேள்வி" என்று லாரி டிரைவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் குணம்தான் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது. அதைத் தந்தவரும் அந்தச் சாமிதானே.

ஆவணியில் ராணிக்கு இருமல் தொடங்கியது. புரட்டாசியில் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் சளியைப் பார்த்துவிட்டு டிபி என்று சொன்னார்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிவிடும் என்றார்கள். எனக்குப் பெரிய பயம் இல்லை. அவளுக்குத்தான் வெட்கம். கரூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். தட்டையும் டம்ளரையும் அவளே தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். விளக்கேற்றுவதை நிறுத்தினாள். கோவிலுக்குக் கூப்பிட்டால், "நோயோட போயி சாமி முன்னாடி நிக்கச் சொல்றீங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தொட்டி விஷயத்தைக் கேட்டபோது அவள் மறைக்கவில்லை.

"மொத மூணு வாரம் முழுங்கிப் பாத்தேன். உள்ள போனா கொடலப் பொரட்டிக்கிட்டு வருதுங்க. சோத்தப் பாத்தாலே கொமட்டுது. இந்தச் சீக்கோட பொழைச்சுக் கெடந்து என்ன பண்ணப் போறேன், விடுங்க."

சுகாதார நிலைய நர்ஸம்மாவிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"காலையில வாந்தி வருதுன்னா சாயங்காலம் போடட்டும், டாக்டர்கிட்ட நான் கேட்டுச் சொல்றேன். ஆனா பாதியில விட்டீங்கன்னா, அப்பறம் அந்த நோய் இந்த மாத்திரைக்கு அடங்காதுங்க. வேற மருந்துக்குப் போகணும். அதுக்கும் அடங்கலைன்னா..." என்று நிறுத்திவிட்டார்.

டாக்டரும் சாயங்காலத்துக்கு மாற்றிக் கொடுத்தார். ராணி அப்போதும் மாத்திரைக்கு வாயைத் திறக்கவில்லை. ஊருக்கே பொங்கல் பரிமாறுகிற எனக்கு, வீட்டில் ஒருத்தியைச் சாப்பிட வைக்கத் தெரியவில்லை. கெஞ்சினேன். கத்தினேன். ஒருநாள் அழுதும் பார்த்தேன்.

மலையேறி முருகனிடம் போனேன். எங்கள் ஊர் முருகனுக்குச் சுருட்டுப் படைப்பது வழக்கம், வெளியூர்க்காரர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். சுருட்டை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "எனக்கு வேற எதுவும் வேணாம்யா. அவ மாத்திரையை முழுங்கணும். அது உள்ள நிக்கணும்." படியிறங்கும்போது கண்ணீரில் படி தெரியவில்லை. மயில்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம். ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு, யாருக்காக வாங்குகிறோம் என்ற கசப்போடு வண்டியில் வந்துகொண்டிருந்தேன். அன்னவாசல் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டை விட்டு உள்ளே ஒரு சின்னப் பெருமாள் கோவில். ஒதுங்கினேன். நான் முருகன் ஆள். அந்தக் கோவில் வாசலை அதற்கு முன் மிதித்ததில்லை.

மடப்பள்ளியிலிருந்து வாசனை வந்தது. சமையல்காரன் மூக்கு எனக்கு. சுக்கு, மிளகு, திப்பிலி, கொஞ்சம் பனைவெல்லம். எட்டிப் பார்த்தால் அர்ச்சகர், அங்கே பட்டர் என்பார்கள், முப்பது வயதுகூட இருக்காது, சின்ன இடிகல்லில் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தார். போனில் கிரிக்கெட் கமெண்டரி ஓடிக்கொண்டிருந்தது.

"யாருக்குச் சாமி உடம்பு சரியில்ல?" என்று கேட்டேன்.

"பெருமாளுக்குண்ணா" என்றார், தலையைத் தூக்காமல்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடவில்லை. மழைக்காலமும் பனிக்காலமும் முடியும் வரை இந்தக் கோவிலில் சாயங்காலம் பெருமாளுக்குக் கஷாயம் உண்டாம். எனக்குக் கவலையெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டது. கல்லுக்குக் கஷாயமா? யார் ஆரம்பித்தது? எதற்கு? கேட்டுக்கொண்டே இருந்தேன். பட்டரும் சளைக்காமல் சொன்னார்.

உடையவர் என்று பெருமாள் கோவில்காரர்கள் கொண்டாடும் ராமானுஜர் ஸ்ரீரங்கத்தில் இருந்தபோது நடந்ததாகச் சொல்கிறார்கள். ஒருநாள் சேவிக்கப் போனவர் பெருமாளின் முகத்தைப் பார்த்தாராம். முகம் வாடியிருக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. நேற்று என்ன படைத்தீர்கள் என்று விசாரித்தாராம். தயிர் சாதமும் நாவல்பழமும் என்றார்களாம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் சளி பிடிக்காதா என்று பதறிப்போய், மருத்துவத்துக்கு உரிய தன்வந்திரிக்குச் சன்னதி அமைத்து, கஷாயம் காய்ச்சிக் கொடுக்க ஏற்பாடு செய்தாராம். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் இந்தச் சின்னக் கோவிலிலும் தன் முன்னோர் ஆரம்பித்தார்கள் என்றார் பட்டர்.

"நெசமாவே பெருமாளுக்குச் சளி பிடிக்குமா சாமி?"

பட்டர் இடிப்பதை நிறுத்தினார். "எனக்குத் தெரியாதுண்ணா. ஆனா ஒருநாள் கஷாயம் வைக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது."

மழை விட்டது. நான் கிளம்ப மனமில்லாமல் நின்றேன். சன்னதிக்குப் பக்கத்தில் கை கூப்பி உட்கார்ந்திருந்த உடையவர் சிலையை வெகு நேரம் பார்த்தேன். எத்தனையோ பெரிய தத்துவம் எழுதிய மகான் என்று பட்டர் சொன்னார். அதெல்லாம் எனக்கு எட்டாது. சாமி முகம் வாடியிருக்கிறதே என்று பதறியவர் என்பது எட்டியது. நாமெல்லாம் சாமி முன்னால் நின்று நம்முடைய குறையைச் சொல்கிறோம். அவர் கோவிலுக்குப் போய், "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். இப்படி ஒரு மனுஷர் இருந்திருப்பாரா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ராணியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, முருகனுக்குப் பெருமாள் மாமன் முறைதானே?"

"ஆமா."

"அப்பறம் என்ன. மருமகன் மலையில ஒக்காந்து சுருட்டுப் பொகைய விட்டா மாமனுக்குத்தான் இருமும். பாவம், நாவப்பழம் என்ன பண்ணும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அவள் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கியதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"மருந்து குடிக்கிற சாமிய நான் பாக்கணும். கூட்டிட்டுப் போறீங்களா?"

நர்ஸம்மாவிடம் கேட்டேன். மாத்திரையை இடையில் விட்டிருக்கிறாளே என்று யோசித்து, இன்னொரு தடவை சளியைப் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். முதலில் போட்ட மாத்திரையிலேயே கிருமி அடங்கியிருக்கிறது, இப்போது அடுத்தவருக்குப் பரவுகிற நிலையில் இல்லை, தாராளமாகப் போகலாம் என்றார்கள்.

கோவிலில் ராணி தூணோரமாக ஒதுங்கியே நின்றாள். திரை போட்டுப் பட்டர் உள்ளே கஷாயம் படைத்தார். திரை விலகியது. தீர்த்தம் கொடுத்தார். பெருமாளின் பாதம் பொறித்த சடாரியை என் தலையில் வைத்தார். அப்புறம் ஒரு கரண்டிக் கஷாயம். ராணியிடம் போனபோது அவள் கையை நீட்டவில்லை.

"சாமி, எனக்கு டிபி" என்றாள். பெற்ற மகளிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டாள்.

பட்டர் ஒரு நொடி தயங்கினார். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரும் மனுஷர்தானே. பிறகு இன்னும் ஓரடி அருகே வந்தார்.

"பெருமாளே இப்பத்தான் மருந்து சாப்டுருக்கார். நீங்க மாட்டேன்னா எப்படி? கையை நீட்டுங்கோக்கா."

சடாரியை அவள் தலையில் வைத்து நன்றாகவே அழுத்தினார். அவள் கஷாயத்தைக் குடித்தாள். அதோடு நிற்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அன்றைக்குப் போட வேண்டிய மாத்திரைகள். வீட்டிலிருந்தே முடிந்துகொண்டு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. "தண்ணி இருக்காங்க?" என்றாள். வண்டியிலிருந்த பாட்டிலை எடுக்க ஓடினேன். ஓடும்போதே அழுதுவிட்டேன்.

பெருமாளைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக விழுங்கினாள். வண்டியைக் குலுக்காமல் ஓட்டி வந்தேன். வீடு வரும் வரை, "கொமட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவளுக்கு எதுவும் ஆகவில்லை. அன்றைக்கு மாத்திரை உள்ளே நின்றது.

மறுநாள் வாந்தி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. நர்ஸம்மா வாந்திக்குத் தனியாக மாத்திரை வாங்கிக் கொடுத்தார், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரே நாளில் எல்லாம் மாறியது என்று சொன்னால் நான் பொய்யன். மாறியது ஒன்றுதான். ராணி விடவில்லை. "அவரு குடிக்கிற நேரத்துலதான் நானும் போடுவேன்" என்றாள். தினமும் அவ்வளவு தூரம் போய்வர முடியாது. பட்டரிடம் சொன்னதும் ஒரு வழி கண்டுபிடித்தார். கஷாயம் படைத்ததும் எங்கள் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். மணி அடித்ததும் இவள் மாத்திரையைப் போடுவாள். மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் அதுதான் சாயரட்சை மணி.

தை மாதம் ஒருநாள் போன் வரவில்லை. இருட்டப் போகிறது, இன்னும் வரவில்லை. நான் மாத்திரையை எடுத்து நீட்டினேன்.

"இருங்க. அவருக்குக் குடுத்தாங்களான்னு தெரியலையே."

"அது கோவில் விஷயம். நீ போடு."

"என்ன மனுஷன் நீங்க? பனி கொட்டுது. அவருக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பா?"

போனை எடுத்து அவளே பட்டரைக் கூப்பிட்டாள். அவருக்குக் கடும் காய்ச்சல். கோவிலுக்கு அவருடைய தம்பி போயிருக்கிறான், கஷாயம் வைத்தானா என்று தெரியவில்லை என்று முனகினார். தம்பி நம்பரை வாங்கி அவனைக் கூப்பிட்டாள். மறந்துவிட்டானாம். இப்போதே வைக்கிறேன் என்றான். "சுக்கு நல்லா நசுக்கிப் போடுங்க தம்பி, சூடு பாத்து வைங்க" என்றாள். அவன் திரும்பக் கூப்பிட்டு, ஆச்சு என்று சொன்ன பிறகுதான் தன் மாத்திரையைக் கையில் எடுத்தாள். பிறகு பட்டருக்கு மறுபடியும் போன். "கஷாயம் வச்சாச்சு சாமி. நீங்க மாத்திரை போட்டீங்களா?"

பொழைச்சு என்ன பண்ணப் போறேன் என்று கேட்டவள் இவள். அன்றைக்கு அவளைப் பார்த்தபோதுதான் என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று எனக்கு உறுதியானது. டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

மாசியோடு கஷாயம் நின்று, பெருமாளுக்குப் பால் வந்தது. மிஸ்டு கால் நிற்கவில்லை. மகளிடம் ராணியே விஷயத்தைச் சொன்னாள். மகள் வந்து சண்டை போட்டு, கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாள். தனித் தட்டு மறுபடி மற்ற தட்டுகளோடு சேர்ந்தது.

இடையில் விட்டதற்கும் சேர்த்து, டாக்டர் கணக்குப்படி மாத்திரை முடிந்தது சித்திரையில். சளியில் கிருமி இல்லை, நெஞ்சுப் படமும் தெளிவாக இருக்கிறது என்றார்கள். அந்த வாரமே திருவாதிரை, உடையவர் பிறந்த நட்சத்திரம். கோவிலுக்குப் போனோம். சின்னப் புறப்பாடு. தமிழ்ப் பாசுரம் பாடுகிறவர்கள் முன்னே போக, பெருமாள் பின்னால் வந்தார். அதற்கும் என்ன காரணம் என்று பட்டரை நச்சரித்தேன். "அண்ணா, இன்னிக்காவது கேள்வி கேக்காம சேவிங்களேன்" என்று கும்பிட்டார். முன்னே போகும் தமிழும், எல்லார் தலைக்கும் வரும் சடாரியும், நேரத்துக்கு வரும் பாலும், ஆளாளுக்கு ஒரு வேலையும் உடையவர் போட்ட பாதைதான் என்று அப்புறம் பட்டரே சொன்னார். எத்தனையோ தலைமுறை தாண்டி, அந்த ஒருவரின் அக்கறை ஒரு கரண்டிக் கஷாயமாக என் மனைவியின் கைக்கு வந்திருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

சன்னதியில் நான் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். வழக்கம்போல் நன்றிக்குப் பின்னால் ஒன்றிரண்டு கோரிக்கையும் வைத்திருந்தேன், கடைக்குப் புது கிரைண்டர் உட்பட. ராணி எதுவும் வேண்டவில்லை. பெருமாளின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே அனல் அடித்தது.

"வெயிலு இந்தப் போடு போடுது. ஒடம்புக்கு எப்படிங்க இருக்கு சாமி?" என்று பெருமாளைத்தான் கேட்டாள்.

எனக்குக் கோரிக்கையெல்லாம் மறந்துபோனது. பட்டர் சட்டென்று திரும்பிக்கொண்டு, பெருமாளுக்குப் படைக்கப் பானகப் பாத்திரத்தை எடுத்தார்.

கஷ்டத்தோடு இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மாத்திரையை விடாதீர்கள், சாமியையும் விடாதீர்கள். அடுத்த முறை கோவிலுக்குப் போகும்போது உங்கள் குறையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள். முதலில் அவர் முகத்தைப் பார்த்து, நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.