கூரைக்கு எஸ்டிமேட் கேட்டபோது

எங்கள் கூரை பல வருஷமாகவே மழைக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. சந்தில் மற்ற எல்லோரும் மாடி எடுத்துவிட்டார்கள். நாங்கள் எடுக்கவில்லை. அதனால் இரண்டு பக்கத்து மாடிச் சுவர்களிலிருந்தும் வழிகிற தண்ணீர் எங்கள் சிமெண்ட் ஷீட்டின் மேல்தான் வந்து விழும்.

முன்பென்றால் ஒழுகுகிற இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். போன வருஷம் அப்படி இருக்க முடியவில்லை. என் கணவர் கட்டிலோடு ஆகிவிட்டார். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில், பசை வாடையிலேயே காலத்தைக் கழித்தவர். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. சயான் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், ஈரம் ஆகவே ஆகாது என்று சொல்லி அனுப்பினார். கட்டிலை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒரு சொட்டு அவரைத் தேடி வந்தது. அவர் போர்வையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அடுத்த மழைக்கு முன்னால் கூரையை மாற்றிவிட வேண்டும் என்று இருந்தேன். "இடிச்சிட்டுப் பெரிய பில்டிங் வரப்போவுது, இப்பப் போயி எதுக்கு மைனி செலவு?" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அந்தப் பேச்சை எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறேன். பில்டிங் வருகிறபோது வரட்டும், மழை ஜூனில் வந்துவிடும்.

முதலில் வந்தவர் ஒரு இந்திக்காரர். வாசலில் நின்றபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார், மொபைலில் ஒரு போட்டோ எடுத்தார், ஒரு தொகையைச் சொன்னார். மேலே ஏறிப் பார்க்கவில்லை.

கட்டிலிலிருந்து என் கணவர், மூச்சுக்கு நடுவில் கேட்டார். "பழைய ஷீட்டை இறக்கி யாரு கொண்டு போடணும்? அதுவும் இதுல சேர்ந்ததா?"

அந்த ஆள் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "அது அலக், பாபி. அதுக்குத் தனிக் காசு."

"சுவரும் ஷீட்டும் சேருற இடத்துல தண்ணி இறங்காம என்ன பண்ணுவீங்க?"

அதற்கும் என்னைப் பார்த்தேதான் பதில். கட்டிலில் கிடக்கிறவர் பேசியதை நான் பேசியது போலவே வைத்துக்கொண்டார். போகும்போது வாசலுக்கு வெளியே நின்று, "பேஷண்டை எங்கேயாவது வச்சுட்டு போன் பண்ணுங்க" என்றார். மெதுவாகச் சொன்னதாக நினைத்திருப்பார். அந்த வீட்டில் மெதுவாகச் சொல்ல இடம் ஏது? உள்ளே வந்து பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

இரண்டாவதாக வந்த கான்ட்ராக்டர் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். திருநெல்வேலியிலிருந்து சின்ன வயசில் வந்தவர். பக்கத்து வீட்டு மாடிக்குப் போய், அவர்கள் ஜன்னல் வழியாக எங்கள் கூரையில் இறங்கினார். மேலே தட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. இறங்கி வந்தபோது கையெல்லாம் துருவும் பாசியும். கழுவிவிட்டு நேரே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, ஷீட்டை மட்டும் மாத்துனா பத்தாது. அதைத் தாங்குற இரும்பே துரு ஏறிக் கெடக்கு. பிரிச்ச பிறகுதான் முழுசும் தெரியும். அப்பச் செலவு கூடும். பொறவு சண்டை வரக்கூடாதுன்னு இப்பமே சொல்லிருதேன்."

"கூடுனா எம்புட்டு கூடும்?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். பிரிச்சதும் உங்களுக்குப் போட்டோ அனுப்புதேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் மேல்கொண்டு கை வைப்பேன்."

என் கணவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிச்சியைப் பார்த்தேன். அவரை யாரோ ஒருவர் வீட்டுக்காரராக வைத்துப் பேசுகிறார். தண்ணீர் ஓடுகிற வாட்டம் எந்தப் பக்கம், ஷீட்டுக்கு மேல் ஷீட் எவ்வளவு ஏற வேண்டும், நடுவில் மழை வந்தால் தார்ப்பாய் யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுக் களைத்து மூச்சு வாங்கினார். அந்த மனிதர் அவசரப்படாமல் காத்திருந்தார்.

"தகரம் மட்டும் வேண்டாம்" என்றார் இவர் கடைசியில். "மழை பெஞ்சா தகரத்துக்குக் கீழ நான் கூப்பிடுதது இவளுக்குக் கேக்காது."

கான்ட்ராக்டர், இரண்டு தகட்டுக்கு நடுவில் தெர்மாகோல் மாதிரி வைத்து ஒட்டிய ஷீட் இருக்கிறது, சத்தமும் சூடும் குறைவு, விலைதான் கூட என்று சொன்னார். அதையே எழுதச் சொன்னார் என் கணவர்.

எழுதிக் கொடுத்த பிறகுதான் கான்ட்ராக்டர் மற்றதையும் சொன்னார். பழைய ஷீட்டை உடைத்தால் வருகிற தூசி நல்ல மனுஷனுக்கே ஆகாது. வேலை முடிகிற வரை அண்ணாச்சி இங்கே இருக்க முடியாது.

செம்பூரில் எங்கள் மகள் வீடு இருக்கிறது. அவள் எப்போதோ கூப்பிட்டுவிட்டாள். இவர்தான் போக மாட்டேன் என்றார். சில நாள் எங்களுக்குள் அதே பேச்சாக இருந்தது.

"கூரையை மாத்தணும்னு என்னை அனுப்புதியா, என்னை அனுப்பணும்னு கூரையை மாத்துதியா?" என்று ஒருநாள் கேட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். மறுநாள் காலையில், "டாக்சி சொல்லு" என்றார்.

எங்கள் சந்துக்குள் டாக்சி வராது. அக்கம்பக்கத்து ஆண்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் ஜனங்கள் வாசலுக்கு வந்து, "சீக்கிரம் வாங்கண்ணே, புது வீட்டுக்கு" என்றார்கள். அவர் எல்லோருக்கும் கையைத் தூக்கிக் காட்டினார்.

நான் பகலில் வேலையைப் பார்த்துக்கொண்டு இங்கே இருந்தேன், சாயங்காலம் செம்பூர் போய்விடுவேன். பிரித்துப் பார்த்தபோது கான்ட்ராக்டர் சொன்னது போலத்தான் இருந்தது. இரும்பு கையால் தொட்டால் உதிர்ந்தது. அவர் போட்டோ அனுப்பினார். என் கணவர் மகளின் மொபைலில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இத்தனை நாள் இது நம்ம தலையில விழாம இருந்துருக்கே" என்று சொல்லி, போனிலேயே சரி என்றார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிடவும் செய்தார்.

அதற்கு இரண்டொரு நாளில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெளியே நான் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம், மகள் பக்கத்தில் இருக்கும்போது போய்விட்டார். கடைசியாக என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டேன். "இரும்பு வந்தாச்சான்னு கேட்டாங்கம்மா" என்றாள்.

வீட்டுக்குக் கூரை இல்லை. செம்பூரிலிருந்தே நேராக மயானத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார் மருமகன். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. "அவங்க வீட்டுக்குத்தான் வரணும்" என்றேன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது கான்ட்ராக்டரும் அவருடைய ஆட்களும் வீட்டைக் கூட்டிக் கழுவியிருந்தார்கள். நான்கு சுவருக்கும் மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தார்ப்பாய் வழியாக வந்த வெளிச்சத்தில் எல்லோர் முகமும் நீலமாக இருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்து அழுதார்கள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வந்து தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும்போதெல்லாம், அவர் விழித்துவிடுவாரோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது.

காரியம் முடிந்த பிறகு கான்ட்ராக்டர் வந்தார். தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "மைனி, நீங்க ஒத்தை ஆளு. சாதா தகரம்னாச் செலவு பாதியாக் குறையும். மாத்திக்கிடலாமா?"

"அவங்க சொன்னதையே போடுங்க" என்றேன்.

மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. ஜூன் பிறந்து நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. பாத்திரமெல்லாம் அலமாரியில் அடுக்கியபடியே இருந்தது. எதற்கும் எழுந்து ஓட வேண்டியதில்லை, எதையும் நகர்த்த வேண்டியதில்லை. அந்த மழைக்காலம் போல நீளமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

இப்போது சந்தில் யாராவது கூரை மாற்றுவதென்றால் என்னிடம் கேட்க வருகிறார்கள். மேலே ஏறிப் பார்க்காத ஆளிடம் கொடுக்காதே, பழசை யார் அள்ளுவது என்று கேள், பிரித்த பிறகு என்ன கூடும் என்று முதலிலேயே கேள் என்று சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் பின் சந்திலிருந்து ஒருத்தி வந்தாள். மாமியார் படுத்த படுக்கை, எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை என்றாள்.

"அவங்ககிட்டக் கேட்டியா?" என்றேன்.

"அவங்ககிட்ட என்ன கேக்க?" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு, அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன்.